முப்பதுக்கு நாலு மில்லி குறைவு

கையால் சாண் போட்டு மீனை அளந்தவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்ள, நூல் பிசகாமல் அளந்தவன் மட்டும் மாட்டிக்கொண்டான். அந்தத் துறைமுகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தவன் வீட்டு விஷயம் என்றால் சிரிப்புக்கு என்ன குறைச்சல்? தையல்காரி வீட்டில் மட்டும் மூன்று வாரமாக யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரி துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், மாடிப்படிக்கு அடியில் மிஷின் போட்டிருந்தாள். காலையில் முகம் கழுவியதும் கழுத்தில் டேப்பை மாட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். அவள் கணவர் தூண்டில் படகு வைத்திருந்தார். அவருக்கு ஊர் வைத்த பெயர் சுக்கான். எந்நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது பிடித்துத் திருப்பாவிட்டால் போன திசையிலேயே போய்க்கொண்டிருப்பார் என்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்வதில்லை.

அந்தப் படகில் மீன் அளக்கிறவன் அவளுடைய தம்பி. பன்னிரண்டு வருஷம் மரப்பட்டறையில் கதவு, ஜன்னல் செய்துவிட்டுக் கடலுக்கு வந்தவன். தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். படகுக்கு வந்த பிறகும் அவன் வாயில் அந்தப் பேச்சு போகவில்லை. டீயில் சர்க்கரை ஒரு நூல் கம்மி என்பான், படகு கரையை விட்டு அரை நூல் தள்ளி நிற்கிறது என்பான். அதனால் அவனுக்கு நூல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணம் ஆகாத தனிக்கட்டை. வலை தைக்கிற கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தான். சாப்பாடு மூன்று வேளையும் அக்கா வீட்டில்.

சங்கரா மீனுக்குச் சட்டம் இருந்தது. வாயை மூடி, தட்டையாகப் படுக்க வைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் கடலில் விட்டுவிட வேண்டும். ஒரு தடவையாவது முட்டை விட்ட மீனைத்தான் பிடிக்கலாம் என்பது அதன் நியாயம். நியாயத்தில் யாருக்கும் சண்டை இல்லை, மில்லிமீட்டரில்தான் சண்டை. கரையில் மீன்வளத் துறை அதிகாரி அம்மா அளக்கும்போது ஒரு நடையில் மூன்று மீனுக்கு மேல் குறைந்தால் நோட்டீஸ். மூன்று நோட்டீஸ் வந்தால் ஆறு மாதத்துக்கு உரிமம் நிறுத்தம்.

மற்ற படகுகளில் கண்ணால் பார்த்தே ஒதுக்குவார்கள். சாண்காரர் என்று ஒருவர் இருந்தார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல், கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் "போய் வளந்துட்டு வாடா" என்று கடலில் எறிந்துவிடுவார். நூலுக்கு அது அருவருப்பு. அவன் சொந்தமாக ஒரு பலகை செய்திருந்தான். தேக்குப் பலகை. ஒரு முனையில் மூக்கு முட்டுவதற்குச் செங்குத்தாக ஒரு கட்டை, நடுவில் பதித்த எஃகு ஸ்கேல். படகு கிளம்பும் முன்னால் அதை மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பான். தூண்டிலில் ஏறிய மீனை ஈரக் கையால் பிடித்து, நனைத்த பலகையில் படுக்க வைத்து, கண்ணை நேர் மேலே கொண்டுவந்து பார்ப்பான். இருபத்தொன்பது ஒன்பது என்றால் கடல். முப்பது என்றால் ஐஸ் பெட்டி. எவனுக்காகவும் ஒரு மில்லி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போக மாட்டான். தூண்டில் போடுகிற இரண்டு பேரும் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், மசிய மாட்டான். சுக்கானுக்கு அதில் பெருமை. டீக்கடையில் உட்கார்ந்து "என் மச்சான் அளந்தா கடவுளே வந்தாலும் திருப்பி அளக்க வேண்டாம்" என்று சொல்லுவார்.

சந்தோஷமாக இருக்கும்போது என் மச்சான், கோபமாக இருக்கும்போது உன் தம்பி. வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

முன்பெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புகிற படகு அது. அப்போது ஒரு தொல்லையும் இல்லை. பக்கத்துப் பாறைத்திட்டில் மீன் குறைந்துபோனதால் இந்தப் பருவத்திலிருந்து தூரத்துத் திட்டுக்கு, இரண்டு நாள் நடையாகப் போக ஆரம்பித்தார்கள். முதல் நடையிலேயே ஏழு மீன் குறைந்தது. நாலு மில்லி, மூன்று மில்லி, ஒரு மீன் மட்டும் ஐந்து மில்லி. அதிகாரி அம்மா சாந்தமான மனுஷி. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு மீனையும் இரண்டு தடவை அளந்து, அவர்களையும் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதினார். பலகை சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்றார். அடுத்த நடையில் ஐந்து மீன். இரண்டாவது நோட்டீஸ்.

அன்றைக்குத்தான் வீட்டில் வெடித்தது. நூல் வாசலில் நின்று, நான் அளந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. சுக்கான் கால் கழுவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

"உன் தம்பிக்கு ஒண்ணு கண்ணு போயிருக்கணும், இல்லன்னா மனசு போயிருக்கணும். தூண்டில்காரனுங்க நச்சரிக்கிறது தாங்காம உள்ள தள்ளிவிட்டானோ என்னமோ."

கண் போய்விட்டது என்றால்கூட அவன் பொறுத்திருப்பான். பலகையைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அதன் பிறகு சாப்பிட வரவில்லை. டீக்கடையில் பன்னைத் தின்கிறான் என்று தெருவில் போகிறவர்கள் வந்து சொன்னார்கள். நகரத்தில் ஒரு மேஜை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் ஆள் கேட்கிறார்களாம், போகப்போகிறானாம் என்றும் சொன்னார்கள்.

அதற்கப்புறம் காற்று பிடித்துக்கொண்டது. கரைக்குக் குறுக்கே அடிக்கிற காற்று. படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு துறையில் கிடந்தன. வேலை இல்லாத படகுக்காரரை வீட்டில் வைத்துக்கொள்வது இருக்கிறதே, அது ஒரு தனி வேலை. சுக்கான் ஓடாத கடிகாரத்தைத் திறந்தார், ஓடுகிற மிக்ஸியையும் திறந்தார். நடுநடுவே யாரும் கேட்காமலேயே, அடுத்த நடைக்கு மீனை நானே அளந்துக்கறேன், அவன் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார். இவர் சுக்கானைப் பிடிப்பாரா, மீனைப் பிடிப்பாரா என்று அவள் கேட்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது போல, புருஷன் சொல்வதும் சரி மாதிரித் தெரிந்தது, தம்பி சொல்வதும் சரி மாதிரித் தெரிந்தது. உரிமம் போனால் ஆறு மாதம் படகு துருப்பிடிக்கும். தம்பி போனால் போனதுதான். ஒருவரும் வீம்பை விடுகிற ஆள் இல்லை. தட்டு வைக்கும்போது பழக்கத்தில் மூன்று எடுத்து, ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.

காற்று பிடித்து மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கடைக்காரருக்குப் போன மாதம் தைத்த சட்டை. கை இரண்டும் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றுகொண்டிருக்கிறதாம்.

"வயிறுன்னா பெருத்துட்டாருன்னு சொல்லலாம். அம்பது வயசுல மனுஷனுக்குக் கை வளருமா? அளவெடுக்கும்போது தூங்கிட்டிருந்தியா நீ?"

தையல்காரிக்குச் சுருக்கென்று வந்தது. அளவில் தப்பு என்று இருபது வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

"நான் அளந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. இங்கயே போட்டுப் பாத்துட்டுத்தானே வாங்கிட்டுப் போனீங்க? நனைச்சுக் காய வெச்சுத் தைக்கிறேன்னேன், நாளைக்கே போட்டோ எடுக்கணும், அதெல்லாம் வேண்டாம்னீங்க. அளவு என்ன செய்யும், துணி தண்ணியில போனதுக்கப்புறம்..."

அப்படியே நின்றுவிட்டாள். நான் அளந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. இதே வார்த்தையை மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்று ஒருத்தன் சொன்னான். அவள் சொன்னது சத்தியம். ரொட்டிக்கடைக்காரர் மனைவி கையில் பிடித்திருக்கிற சட்டையும் சத்தியம்.

இவள் சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கை வைத்து நின்ற ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. உள்ளே மடித்த துணியைப் பிரித்து நீட்டித் தருகிறேன், நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சட்டையை வாங்கி மிஷின் மேல் போட்டுவிட்டு, தையல்காரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நூலின் அறை வாசலில் மரத்தூள் கிடந்தது. வேலை இல்லாத நேரத்தில் ஏதோ ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இளைத்திருந்தான். அவள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். சோறும் பொரித்த மீனும். ஒரு நிமிஷம் வீம்பாக இருந்துவிட்டு அப்புறம் சாப்பிட ஆரம்பித்தான். பாதி உள்ளே போகட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"மீனை ஐஸ்ல போட்டா சுருங்குமா?"

"மீன் என்ன துணியாக்கா?"

"தெரியாமத்தான் கேக்கறேன். உசிரோட அளக்கறே. ரெண்டு நாள் ஐஸ்ல கெடக்குது. அப்புறம் அந்தம்மா அளக்கறாங்க. நடுவுல யாராவது அளந்து பாத்தீங்களா?"

அவன் சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். மரப்பட்டறையில் இருந்தவன் அல்லவா, பச்சை மரத்தில் கதவு செய்தால் கோடையில் சந்து விழும் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால் மீனைப் பற்றி அப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை. ஒரு தடவை அளந்ததை மறுபடி அளப்பது அவன் கௌரவத்துக்குக் குறைச்சல். அளந்தாயிற்று என்றால் அளந்தாயிற்று. அவன் செய்த ஒரே தப்பு அதுதான். தன் அளவின் மேல் சந்தேகமே இல்லாதவனுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு.

"பலகையைக் குடு, நான் அளந்து பாக்கறேன்" என்றாள்.

"பலகையை எல்லாம் வெளியே குடுக்கறதில்ல."

"அப்ப நீயும் வா."

காற்றுக்குப் பயந்து மீன் கரையோரம் ஒதுங்கியிருந்தது. அலைத்தடுப்புக் கற்கள் மேல் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் நின்றார்கள். உயிரோடு சங்கரா வேண்டும், மூன்று, அளக்க வேண்டும் என்றதும் அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிடவா என்று கேட்டார். முதலில் அளக்க, அப்புறம் சாப்பிட என்றாள் அவள். மதியம் வரை உட்கார வேண்டியிருந்தது. காற்றில் அவள் டேப் படபடவென்று முகத்தில் அடித்தது. தம்பியும் அக்காவும் அப்படிச் சேர்ந்து சும்மா உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவன் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னான். அங்கே எல்லாவற்றையும் மிஷினே வெட்டுகிறதாம், ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். சொல்லும்போதே அவன் முகம் செத்துப்போயிருந்தது. போகாதே என்று அவள் சொல்லவில்லை. மீன் கடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்று மீன் கிடைத்தது. பலகையை நனைத்து, ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து அளந்தான். அவள் மூன்று நிறத்தில் தையல் நூல் கொண்டுவந்திருந்தாள். சிவப்பு, முப்பத்தொன்று. நீலம், முப்பத்து மூன்று நாலு. மஞ்சள், முப்பத்தைந்து இரண்டு. செவுளில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, ஒரு துண்டுத் துணியில் அதே நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டு, பக்கத்தில் அளவை எழுதினாள். தபால்காரரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் முப்பது வருஷம் பதிவுத் தபால் கொடுத்தவர், கேட்காமலேயே அடியில் கையெழுத்துப் போட்டார்.

படகில் போடுகிற மாதிரியே ஐஸைத் தட்டி, ஒரு அடுக்கு ஐஸ், மீன், மேலே ஒரு அடுக்கு என்று பெட்டியில் வைத்தார்கள். பெட்டி மிஷினுக்குப் பக்கத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. தைக்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். காலையும் மாலையும் அவள் புது ஐஸ் போட்டாள். சுக்கான் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து, என்ன அது என்று கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் போனார். திறந்து பார்க்கக் கை துடித்திருக்கும். ஆனால் தையல் சாமான் பக்கம் கை வைத்தால் என்ன ஆகும் என்று இருபது வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லியிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று தணிந்தது. மறுநாள் கிளம்பலாம் என்று துறைமுகத்தில் பேச்சு. அவள் தம்பியை வரச் சொல்லியிருந்தாள். அவன் பலகையோடு வந்து, படி ஏறாமல் கீழேயே நின்றான். சுக்கான் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நேற்றையது. அவள் பெட்டியைத் திறந்து, எழுதிய துணியை அவர் மடியில் போட்டாள். முழுக் கதையையும் சொல்லிவிட்டு, நீங்களே அளங்க, நாங்க யாரும் தொடல என்றாள்.

அவர் பலகையை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சிவப்பு நூல் மீனை எடுத்துப் படுக்க வைத்தார். குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"முப்பது ஆறு."

"எழுதியிருக்கறது?" என்றாள்.

"முப்பத்தொண்ணு." வாலை நீவிவிட்டு மறுபடி பார்த்தார். மூக்கைக் கட்டையில் இன்னும் அழுத்தினார், அது இன்னும் ஒரு மில்லியைக் குறைத்ததும் அவசரமாகக் கையை எடுத்தார். நீலம், முப்பத்திரண்டு ஒன்பது. மஞ்சள், முப்பத்து நாலு ஏழு. மூன்றும் சேர்ந்து பொய் சொல்லாது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவர் மூன்று மீனையும் வரிசையாகப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

"அந்தச் சாண்காரரு எப்படித் தப்பிச்சாரு?" என்று கடைசியில் கேட்டார்.

வாசலிலிருந்து நூல்தான் பதில் சொன்னான். "அவருக்குச் சந்தேகம் வந்தா கடல்ல விட்ருவாரு. எனக்குத்தான் சந்தேகமே வரலியே."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். மூன்று வாரமாகத் தனக்குக் கண் போய்விட்டதோ என்று அவனே பயந்துகொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அறையில் எத்தனை தடவை எதை எதை அளந்து பார்த்தானோ.

சுக்கான் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. அவளிடம் திரும்பி, அரை சென்டி கூடப் பார்த்து எடுத்தால் போதும், முப்பதரை என்று கோடு போட்டுவிட்டால் வம்பு இல்லை என்றார். உன் தம்பியை நாளைக்கு வரச் சொல்லு என்றார். உன் தம்பி பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அதுவாவது போகட்டும் என்று பார்த்தால், அவன் அங்கிருந்தே, முடியாது என்றான்.

"முப்பதுன்னு சட்டம் சொல்லுது. முப்பது இருக்கற மீனைத் தப்பு மீன்னு சொல்லிக் கடல்ல போடச் சொல்றீங்களா? நான் அளக்கறது அப்ப என்ன அளவு?"

பழம் நழுவிப் பாலில் விழப்போகிற நேரத்தில் இவன் பாலைத் தட்டிவிடுகிறானே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. மிஷின் மேல் கிடந்த ரொட்டிக்கடைக்காரர் சட்டையை எடுத்து, கையை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். முந்தின நாளே நீட்டித் தைத்துவிட்டிருந்தாள், இன்னும் ஒரு விரல் மடிப்பு உள்ளே மிச்சம் இருந்தது. வாங்க ஆள்தான் வரவில்லை.

"இதப் பாரு. ரெண்டு விரல் துணி உள்ள விட்டுத்தான் தைக்கறேன். வெளியே தெரியாது. எனக்கு அளவு தெரியாமலா விடறேன்? நாளைக்குச் சுருங்கும், அப்ப பிரிச்சு விடலாம்னு விடறேன். அளவு தெரிஞ்சவதான் விட முடியும். தெரியாதவ விட்டா அது தொளதொளன்னு இருக்கும்."

அவன் சட்டைக் கையை வாங்கி மடிப்பைத் தடவிப் பார்த்தான். தையல் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தான், விடுவானா? அப்புறம் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அக்காவைக் கேட்டான். நாலு மணிக்கு என்று சுக்கான் அக்காவிடம் சொன்னார்.

சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை என்று போய்விட்டான். மூன்று மீனையும் அவர்கள் இரண்டு பேர் தின்ன முடியாமல் தபால்காரருக்கு ஒன்று கொடுத்தனுப்பினாள்.

படகு கடலில் இருந்த இரண்டு நாளும் அவளுக்கு மிஷின் ஓடவில்லை. ஊசி இரண்டு தடவை முறிந்தது. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் கடலில் ஒரு மீன் ஐந்து மில்லிக்குப் பதில் ஏழு மில்லி சுருங்கினால்? அப்படி நாலு மீன் சுருங்கினால் படகும் போச்சு, தம்பியும் போச்சு. படகு வருகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே துறைக்குப் போய் நின்றாள். சாயங்கால வெயில் சிமெண்டுத் தரையில் சுட்டது. கழுவிவிட்ட தண்ணீரில் செதில்கள் மிதந்தன. அதிகாரி அம்மா தன் எஃகுப் பலகையை மேஜையில் வைத்து, ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடித்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவது நோட்டீஸை எழுத அவருக்கும் மனசு இல்லை என்று முகம் சொன்னது, ஆனால் குறைந்தால் எழுதுவார் என்றும் அதே முகம் சொன்னது.

படகு வந்தது. பெட்டிகள் இறங்கின. தூண்டில்காரர்கள் இருவர் முகமும் தொங்கியிருந்தது. முப்பதரைக்கு ஒரு மில்லி குறைந்ததை எல்லாம் விட்டுவிட்டானாம், கண்ணெதிரே முப்பது நாலு துள்ளிக்கொண்டு போயிற்றாம். சாண்காரரும் இன்னும் நாலு பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அதிகாரி அம்மா சின்னதாகத் தெரிகிற மீன்களாகப் பார்த்து எடுத்து அளக்க ஆரம்பித்தார். முப்பது மூன்று. முப்பது இரண்டு. முப்பது ஐந்து. தையல்காரி கழுத்து டேப்பின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றி முடிந்ததும் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். இருபத்தெட்டாவது மீன் முப்பது ஒன்று. அதுதான் இருப்பதிலேயே சின்னது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"நல்லா அளந்திருக்கீங்க" என்று அதிகாரி அம்மா பேனாவை மூடப்போனார். தையல்காரி டேப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் சுக்கான்.

படகிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை அவரும் ஒரு தூண்டில்காரரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே கடல் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரே ஒரு சங்கரா, உயிரோடு. காலையில் கடைசியாக ஏறிய மீன், முப்பதரை இல்லை என்று மச்சினன் கடலில் விடப்போனதை அவர் பிடுங்கித் தொட்டியில் போட்டிருக்கிறார். திரும்பி வருகிற ஏழு மணி நேரமும் தூண்டில்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள். எதற்கென்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நூலுக்கும் தெரியாது. அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக முழித்துக்கொண்டு நின்றான்.

சுக்கான் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கி அதிகாரி அம்மாவின் பலகையில் படுக்க வைத்தார். "இது ஐஸைப் பாக்கல. படகுல அளந்தப்ப முப்பது. நீங்க பாருங்க."

அதிகாரி அம்மா குனிந்தார். மீன் ஒரு தடவை வாலை அடித்தது. அடங்கும்வரை காத்திருந்து, கண்ணை நேர் மேலே கொண்டுவந்தார்.

"முப்பது. ஒரு மில்லிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்ல."

"அதை எழுதுங்கம்மா."

"சரியா இருக்கற மீனை எல்லாம் எழுதறது இல்லியே."

"ரெண்டு தடவ தப்புன்னு எழுதினீங்க. அது உங்க வேல, நான் குத்தம் சொல்லல. ஐஸ்ல சுருங்குது, இப்பத்தான் தெரியுது. ஆனா அதே ரிஜிஸ்தர்ல இதையும் எழுதணும். முப்பதுன்னு. அளந்தது யாருன்னும் எழுதணும்."

அதிகாரி அம்மா கொஞ்சம் யோசித்தார். சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று யோசித்தாரோ, மனசில் இடம் இருக்கிறதா என்று யோசித்தாரோ, பேனாவைத் திறந்து குறிப்பு என்று போட்டிருந்த பத்தியில் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"யாரு அளந்தது? உங்க படகு ஆளா?"

"ஆளு இல்லம்மா" என்றார் சுக்கான். அவருக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "என் மச்சான்."

நூல் அவசரமாகத் திரும்பிக்கொண்டு தன் பலகையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த பலகை அது. பிறகு தொட்டி மீனை அவனே இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய்த் துறையின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரில் விட்டான். சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் அதை, யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாண்காரர்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு பலகை செய்து தருவாயா என்று கேட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனார்.

தையல்காரி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். இரண்டு பேரும் குளித்துவிட்டுப் பசியோடு வந்து நிற்பார்கள். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். அரிசிப் பானையைத் திறந்து, உள்ளே கிடந்த படியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கை கொண்ட மட்டும் அள்ளி அள்ளிப் போட்டாள்.